ஏழு பிள்ளைகள், ஆறு பள்ளிகள்: காது கேளாத மாணவருக்கு எந்த ஏற்பாடு?

ஏப்ரல் கடைசியில் ஒரு நடுநிலைப் பள்ளி ஹெச்.எம். போன் செய்தார். "டீச்சர், ஜூன்ல ஆறாம் வகுப்புக்கு இன்னொரு காது கேக்காத புள்ள வருது. ஏற்கெனவே நாலாவதுல ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் சேத்து ஒரு சைகை டீச்சர் கேட்டு எழுதலாமா, இல்ல வீட்ல பேசி ஸ்பெஷல் ஸ்கூலுக்கே அனுப்பிடலாமா?" தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை அவர். காது மிஷினுக்குப் பேட்டரி தீர்ந்தால் கைக்காசில் வாங்கிப் போடுகிறவர். அவர் கேள்வியில் இரண்டு வழிகள்தான் இருந்தன. நடைமுறையில் ஐந்தாறு உண்டு. அன்று போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர். எங்கள் வட்டாரத்தில் எட்டாம் வகுப்புக்குள் படிக்கும் காது கேளாத பிள்ளைகள் ஏழு பேர். ஆறு பள்ளிகளில் இருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிஷின், சைகை, பேச்சுப் பயிற்சி என்று எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து இடிக்கும்.

எந்த இரண்டு மொழி?

இருமொழி என்றாலே நம்மூரில் தமிழும் ஆங்கிலமும்தான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு வேறு. ஒரு மொழி இந்தியச் சைகை மொழி, இன்னொன்று எழுத்துத் தமிழ். வாய்ப்பேச்சு வருகிற பிள்ளைக்கு அது மூன்றாவதாகச் சேரும். வராத பிள்ளைக்கு அதற்காகக் கல்வி நிற்கக் கூடாது.

சைகை மொழியைத் தமிழைக் கையால் காட்டுவது என்று நினைப்பவர்கள் பள்ளிக்கூடங்களிலேயே நிறைய. அப்படியல்ல. சைகை மொழிக்கும் மற்ற மொழிகளைப் போலவே தனி அமைப்பு உண்டு என்று 1960-இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கோ எழுதிக் காட்டினார். நம் நாட்டுச் சைகை மொழியில் வினாச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில். "உன் பேர் என்ன", "அவன் வரல" என்கிற தமிழ்க் காதுக்கு இது அந்நியமே அல்ல. ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அருகில் நிற்கிற வரிசை. ஆனால் தமிழில் உருபு செய்யும் வேலையை அங்கே கை நகரும் திசையும் இடமும் செய்கின்றன.

இந்த உருபுதான் எங்கள் பிள்ளைகளின் பெரிய மதில். "ராமு நாயைக் கடித்தான்", "ராமுவை நாய் கடித்தது". யார் யாரைக் கடித்தது என்பதை மாற்றுவது ஒரு குட்டி 'ஐ'. காது கேட்கும் குழந்தை இதைப் பள்ளிக்கு வருமுன்பே லட்சம் முறை கேட்டுவிட்டு வருகிறது. காது கேளாத குழந்தைக்கு அது உதட்டில் தெரிவதே இல்லை. "நான் நேற்று கடை போ மிட்டாய் வாங்கு" என்று எழுதுவார்கள். சோம்பல் என்று சிவப்பு மையில் சுழிப்பார்கள். சோம்பல் இல்லை, பார்த்திராத ஒன்றை எழுத முடியாது.

உதட்டைப் படித்துத் தமிழ் கற்றுவிடலாம் என்று நம்புகிறவர்கள் கண்ணாடி முன் நின்று "பணம், மணம்" என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். "பாலை, மாலை" சொல்லுங்கள். ககரம் தொண்டையிலேயே நின்றுவிடும். ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். போதாக்குறைக்கு நம் மொழி இரட்டை நாக்கு. டீச்சர் வாயில் "வந்துட்டான்", புத்தகத்தில் "வந்துவிட்டான்". உதட்டில் பாதி பிடித்ததையும் எழுத்தில் தேடினால் கிடைக்காது. தமிழ்நாட்டில் காது கேளாத பிள்ளையின் சுமை மற்ற மொழிக்காரப் பிள்ளையைவிட ஒரு படி கூடுதல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது நடப்பது

முதல் வழி, நான் வண்டியில் சுற்றுவது. பிள்ளை வீட்டருகே உள்ள சாதாரணப் பள்ளியில் எல்லோருடனும் உட்கார்ந்திருக்கும். நான் போகிற நாளில் தனியே அழைத்து உட்காரவைத்துச் சொல்லித்தருவேன், மிஷினைப் பார்ப்பேன், வகுப்பாசிரியரிடம் நாலு வார்த்தை பேசுவேன். மற்ற குறைபாடு உள்ள பிள்ளைகளும் என் பட்டியலில் உண்டு. ஒரு பிள்ளைக்கு வாரம் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அது நல்ல வாரம்.

இதில் லாபம் இல்லாமல் இல்லை. பிள்ளை அம்மாவோடு தூங்குகிறது, தெருப் பிள்ளைகளோடு விளையாடுகிறது, ஊருக்கு அதன் முகம் தெரியும். அரசுக்கும் செலவு குறைவு. ஆனால் வாரம் ஒன்றரை மணி நேரத்தில் யாரும் மொழி கற்றதில்லை. ஒரு கைக்குழந்தையிடம் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் பேசிவிட்டு மற்ற நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது ஐந்து வயதில் என்ன பேசும்?

வகுப்பாசிரியர்கள் இதைக் கவனிப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களை ஏமாற்றும் ஒன்று இருக்கிறது: கையெழுத்து. எங்கள் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். முத்து முத்தான எழுத்து, அடிக்கோடு, படம், எல்லாம் இருக்கும். கரும்பலகையில் உள்ளதை ஒரு புள்ளி விடாமல் எடுத்து எழுதும். "இவன் நல்லாப் படிக்கிறான் டீச்சர், வாய்தான் வரல" என்பார்கள். அதே நோட்டைத் திறந்து ஒரு வரியைத் தொட்டு, இதைப் படமாக வரை என்றால் பிள்ளை என் முகத்தைப் பார்க்கும். மூன்றாம் வகுப்பு வரை இது ஓடும். நான்கில் தெரிய ஆரம்பிக்கும். ஆறில் உடைந்துவிடும்.

மிஷின், காக்ளியர், எஃப்.எம்.

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வேண்டாத வழி என்பதால் இல்லை, இதைப் பற்றித்தான் எல்லோரும் ஏற்கெனவே பேசுகிறார்கள் என்பதால். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கணக்கில் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 என்றால் கேட்டல் குறைந்தவர். மிஷின் யாருக்கு எவ்வளவு உதவும் என்பது ஒவ்வொரு காதுக்கும் வேறு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு வயதுக் குழந்தைகளுக்கு, உட்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன் இலவசமாக நடக்கிறது. சீக்கிரம் வைத்து, விடாமல் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் பேசுகிறார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா போன்ற இடங்கள் கேட்டுப் பேசும் வழியிலேயே சின்னஞ்சிறுசுகளைத் தயார்செய்து சாதாரணப் பள்ளிக்கு அனுப்புகின்றன. அங்கே தாயும் குழந்தையோடு உட்கார்ந்து கற்கிறாள். தினக்கூலிக்குப் போகிற தாய் எப்படி உட்காருவாள் என்பதுதான் எங்கள் பக்கத்துக் கேள்வி.

வகுப்பறையில் நடப்பதையும் பாருங்கள். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் நன்றாகக் கேட்கிற குரல் நான்கு மீட்டரில் 12 டெசிபல் போய்விட்டது. அதற்கு மேல் ஃபேன், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு, ரோட்டில் பஸ். மிஷின் இவை எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்கும். டீச்சர் கழுத்தில் மைக் மாட்டும் எஃப்.எம். கருவி இந்தத் தூரத்தைக் கொன்றுவிடும். வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆனால் டீச்சர் குரல் மட்டும்தான் அதில் வரும். பின்பெஞ்சுப் பையன் சொன்ன பதில் வராது, வகுப்பே சிரித்த ஜோக் வராது.

இன்னொன்று, இயந்திரம் இயந்திரம்தான். வேர்வையில் கெடும், காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டை மாற்ற வேண்டும், காக்ளியர் வயர் அறுந்தால் வாரண்டி முடிந்த வீட்டில் அது பல மாதம் அலமாரியில் தூங்கும். எங்கள் ஏழு பேரில் மூன்று பேருக்கு காக்ளியர் இருக்கிறது. போன மார்ச்சில் வேலை செய்தது ஒன்று. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் சைகை தெரியாது, "தெரிய வேண்டாம்" என்று வளர்த்தது. அந்த மாதங்களில் அவர்கள் எந்த மொழியில் யோசித்தார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

"சைகை பழகிட்டா பேச்சு வராதுன்னு சொன்னாங்க டீச்சர்." எல்லாத் தாயும் சொல்வது இது. யாரோ வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்லியிருப்பார். இது பழைய நம்பிக்கை. 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு சைகையை வகுப்பறையிலிருந்து விலக்கத் தீர்மானம் போட்டது. உலகம் முழுக்க அது பரவியது. அதே மாநாட்டின் வாரிசு 2010-இல் வான்கூவரில் கூடி அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. நடுவில் 130 ஆண்டுகள். ரேச்சல் மேபெரியும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது எனக்கு இங்கே முக்கியம்: சிறு வயதில் பேச்சோ சைகையோ ஏதாவது ஒரு மொழி சரியாக வாய்த்தவர்கள் பின்னால் இன்னொரு மொழியைப் பிடித்துக்கொண்டார்கள், எதுவும் வாய்க்காதவர்கள் பிறகு கற்ற மொழியிலும் திணறினார்கள். முதல் மொழி இரண்டாவதைக் கெடுக்காது, அதைத் தாங்கும்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?

ஹெச்.எம். கேட்ட "சைகை டீச்சர்" இதுதான். வகுப்பில் டீச்சர் பக்கத்தில் ஒருவர் நின்று, பேசுவதைச் சைகையில் மாற்றித் தருவார். கேட்கவே நியாயமாக இருக்கிறது. டி.வி. செய்தியில் ஓரத்தில் வருவது போல. கல்லூரியில், பெரிய மாணவர்களுக்கு, இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் வேண்டாம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

காரணம் எளிது. மொழிபெயர்ப்பு என்றால் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு. அந்த இன்னொரு மொழி பிள்ளையிடம் இருக்க வேண்டாமா? காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் வீட்டில் பிறந்தவர்கள். வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. சாப்பிடு, தூங்கு, வா, போ, அடிப்பேன், அப்பா (மீசை), பாட்டி (வளைந்த முதுகு) என்று முப்பது நாற்பது வீட்டுச் சைகைகளோடு பள்ளிக்கு வருகிறது. அந்தப் பிள்ளை முன்னால் நின்று ஒருவர் அழகான இந்தியச் சைகை மொழியில் ஒளிச்சேர்க்கையை விவரித்தால், புரியாத தமிழைப் புரியாத சைகையாக மாற்றிக் கொடுத்த புண்ணியம்தான் மிஞ்சும்.

சைகை ஓரளவு வந்த பிள்ளைக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. காது கேட்கும் பிள்ளை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே டீச்சர் சொல்வதைக் கேட்கும். எங்கள் பிள்ளைக்குக் கண் ஒன்றுதான் வாசல். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தால் கரும்பலகை போச்சு. கரும்பலகையைப் பார்த்தால் கை போச்சு. "எல்லாரும் அம்பத்தி ரெண்டாம் பக்கம் எடுங்க, அதுல ரெண்டாவது படத்தைப் பாருங்க, அந்த அம்புக்குறி" என்று டீச்சர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்போது பிள்ளை இன்னும் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும். டீச்சர் நிறுத்தி நிறுத்தி நடத்தப் பழகினால் சரியாகும். அதற்கு டீச்சருக்குப் பயிற்சி வேண்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டால் "அவங்க பாத்துப்பாங்க" என்றுதான் ஆகிறது.

மேலும், நாள் முழுக்க ஒருவர் கை ஓயாமல் மொழிபெயர்க்க முடியாது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதுதான் இந்தத் தொழிலில் முறை. இரண்டு பிள்ளைக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர் என்று எழுதிக் கேட்டால் மேசையில் இருப்பவர் என்ன சொல்வார் என்று ஹெச்.எம்.முக்கே தெரியும். 2015-இல் தில்லியில் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் மொழிபெயர்ப்பாளர் டிப்ளமோ நடத்துகிறது; கோவையில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனமும் சைகை மொழியில் நீண்ட காலமாக வேலை செய்கிறது. படித்து வருகிறவர்கள் உண்டு. ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு வர ஆள் கிடைப்பதுதான் அரிது.

"நாங்களே சைகையோடதான் நடத்துறோம்" என்று சொல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வாயால் தமிழ் பேசிக்கொண்டே கையால் நடுநடுவே ஒரு சொல்லைக் காட்டுவது சைகை மொழி அல்ல. பேசுகிறவருக்குத் தன் குரல் கேட்பதால் முழு வாக்கியம் சொன்ன திருப்தி வரும். பிள்ளைக்குக் கிடைப்பது நாலு சொல். நானும் பணிக்கு வந்த முதல் சில வருடங்கள் இதைத்தான் செய்தேன். யாரோ வீடியோ எடுத்துச் சத்தத்தை அணைத்துப் போட்டுக் காட்டியபோதுதான் வெட்கமாக இருந்தது.

தனி அறை

சாதாரணப் பள்ளிக்குள்ளேயே காது கேளாதவர்களுக்கு என்று ஓர் அறை, ஒரு சிறப்பாசிரியர், முக்கியப் பாடங்கள் அங்கே, விளையாட்டும் ஓவியமும் மற்றவர்களோடு. மொழி கற்க இது மோசமான வழி அல்ல. ஆனால் பள்ளிக்குள் ஒரு தீவாகிவிடும். "அந்த ரூம் பசங்க" என்று பேர் வந்துவிடும். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதால் எட்டாம் வகுப்புக்காரனும் நான்காம் வகுப்புப் பாடத்திலேயே தேங்குவான். முழு நாளுக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பீரியட் எழுத்துத் தமிழுக்கு என்று வைத்துக்கொண்டால் தங்கம்.

சேர்த்து உட்காரவைப்பது

என் மனம் போகிற வழி இது. சிதறிக் கிடக்கிற பிள்ளைகளை ஒரே பள்ளிக்குக் கொண்டுவருவது. முடிந்தவரை இரண்டு வகுப்புகளில் அடக்குவது. அவர்களோடு காது கேட்கும் பிள்ளைகள். வகுப்பில் இரண்டு பெரியவர்கள்: வழக்கமான ஆசிரியர் ஒருவர், சைகை மொழியிலேயே வாழ்கிற காது கேளாதவர் ஒருவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் சைகை.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் சைகை மொழியியல் மையம் 2006 முதல் இப்படி வகுப்புகளை நடத்திக் காட்டியது. ஒரு வகுப்பில் ஆறேழு காது கேளாத பிள்ளைகள், மற்றவர்கள் கேட்பவர்கள், இரண்டு ஆசிரியர்கள். பேச்சு குறையவில்லை என்றே அதை நடத்தியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஹாங்காங்கின் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் பணம் கேட்கிற பகுதி சின்னது. பெரிய பகுதி, பிள்ளைகளை ஒன்றாக்குவது.

ஏன் எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்குகிறேன்? மொழி டீச்சரிடமிருந்து மட்டும் வருவதில்லை. சண்டை போட, கோள் சொல்ல, ரகசியம் பேச, பொய் சொல்ல இன்னொரு பிள்ளை வேண்டும். தனியாக இருக்கிற பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூட ஆள் இல்லை. நான்கு பேர் சேர்ந்த இடத்தில் நான் போய்ச் சொல்லிக்கொடுக்காத சைகைகள் முளைக்கின்றன. ஒரு பள்ளியில் இரண்டு வருடம் மூன்று பேர் சேர்ந்து இருந்தார்கள். ஒரு மாதத்தில் உடன் படித்த கேட்கும் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். பரீட்சை ஹாலில் விடை கேட்பதற்கும் அதைத்தான் பயன்படுத்தினார்கள் என்பது பிறகு தெரிந்தது; கண்காணிப்பாளர் அமைதியான வகுப்பு என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தார்.

பணிக் கணக்கிலும் இதுதான் பொருந்துகிறது. சிறப்பாசிரியர் நியமனம் குறித்த வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய விகிதம், தொடக்க வகுப்பில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15-க்கு ஒருவர். பத்துப் பேர் பத்துப் பள்ளியில் இருந்தால் அந்த ஒருவர் என்னைப் போல வண்டியோட்டிதான். ஒரே பள்ளியில் இருந்தால் காலை பிரேயரிலிருந்து மாலை மணி வரை அங்கேயே இருப்பார்.

காது கேளாத பெரியவர் ஒருவர் வகுப்பில் இருப்பதைச் சலுகையாகப் பார்க்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, சைகை மொழி தெரிந்த மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் பயிற்றுவித்துப் பணியமர்த்தச் சொல்கிறது. தில்லி மையத்தில் காது கேளாதவர்களுக்கென்றே சைகை மொழி கற்பிக்கும் டிப்ளமோ உண்டு. எங்கள் வட்டாரத்தில் அப்படிப் படித்தவர் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். சிறப்புப் பள்ளியில் படித்தவர், கை பேசினால் கடையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு சனிக்கிழமை அவரைப் பள்ளிக்கு அழைத்து வந்தேன். பாடம் எதுவும் நடத்தவில்லை. தான் சின்ன வயதில் ரயிலில் தொலைந்துபோன கதையைச் சொன்னார். இரண்டாம் வகுப்புச் சிறுமி வாயைத் திறந்தபடி பார்த்தாள். காது கேளாத ஒரு பெரிய ஆளை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதுவரை தான் வளர்ந்தால் காது கேட்க ஆரம்பித்துவிடும் என்று நினைத்திருந்தாளாம், பிறகு அவளே சொன்னாள்.

பாடம் எப்படி ஓடும்? அறிவியல் என்றால் முதலில் பொருளும் படமும், அதைப் பற்றிச் சைகையில் பேச்சு. கருத்து பிடிபட்ட பிறகு பலகையில் இரண்டு மூன்று தமிழ் வாக்கியம். ஒவ்வொன்றையும் சைகையோடு ஒட்டிப் பார்ப்பது: இந்த 'ஐ' சைகையில் எங்கே இருக்கிறது? கை நாயிடமிருந்து ராமுவுக்குப் போன அந்தத் திசையில். உருபுக்கு மட்டும் ஒரு கலர் சாக்பீஸ். நம் சைகையில் விரலெழுத்து ஆங்கில எழுத்துக்களை ஒட்டி இரண்டு கையால் போடுவது. தமிழ்ச் சொல்லுக்கு எங்கள் பிள்ளைகள் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுகிறார்கள், அதுவே போதுமானதாக இருக்கிறது. இந்தப் பீரியட் கேட்கும் பிள்ளைகளுக்கும் இலக்கணப் பீரியட்தான். வேற்றுமை உருபை இவ்வளவு தெளிவாக நானே பள்ளியில் படித்ததில்லை.

ஒரு குறையை மறைக்க மாட்டேன். தில்லி மையத்தின் அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டியது. மத்திய அரசின் கல்வி ஒளிபரப்பான பிஎம் இ-வித்யாவில் சைகை மொழிக்கென்று 31-ஆம் எண் சேனல் 2024 டிசம்பரில் வந்தது. அதிலுள்ள சைகையும் நம்மூர்ப் பிள்ளைகள் போடுவதும் எல்லாச் சொல்லுக்கும் ஒன்றல்ல. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையே உள்ளூர்ச் சைகைகளை மதிக்கச் சொல்கிறது. எங்களுக்கு இது வீட்டில் "அத்தை", பாடத்தில் "மாமி" என்பது மாதிரி. பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள். பெரியவர்கள்தான் எது சரி என்று அடித்துக்கொள்வோம்.

பெரிய தடை தூரம். பக்கத்துப் பள்ளியை விட்டு எட்டு கிலோமீட்டர் போக வேண்டும். அரசுத் திட்டத்தில் போக்குவரத்துப் படியும், கூட வருகிறவருக்கான படியும் உண்டு. அது கைக்கு வருவதற்குள் ஆட்டோக்காரர் முகம் மாறிவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முதலில் பேச வேண்டியது சைகையைப் பற்றியல்ல, ஆட்டோவைப் பற்றி.

சிறப்புப் பள்ளி என்றால்

ஹெச்.எம்.மின் இரண்டாவது கேள்வி. அதே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, பிள்ளை விரும்புவதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. அனுப்புவது பள்ளியின் முடிவல்ல. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிய ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் பள்ளி போன்றவை இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் காது கேளாதோர் சமூகமே இந்த அளவு உருவாகியிருக்காது. தையல்கார அண்ணனின் கை அங்கிருந்து வந்ததுதான். விடுதியில் மொழி தானாக வரும். அதற்கு விலை, வீடு. கோடை விடுமுறைக்கு விருந்தாளி மாதிரி வரும் பிள்ளையோடு பேசத் தாய்க்குத் தெரியாது.

பத்து வயதாகியும் எந்த மொழியும் இல்லாமல் வருகிற பிள்ளைக்கும், பக்கத்தில் ஒன்றுசேர்க்க வேறு பிள்ளைகளே இல்லாத மலைக் கிராமத்துக்கும் நான் சிறப்புப் பள்ளியைத்தான் சொல்வேன், தயங்காமல்.

எந்த வழியில் போனாலும் ஒன்று: தமிழை விட்டுவிடாதீர்கள். பொதுத்தேர்வில் ஒரு மொழித்தாளுக்கு விலக்கு உண்டு என்று தெரிந்ததும், ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரு மொழியைக் கைவிடுகிற பள்ளிகளைப் பார்க்கிறேன். விலக்கு பரீட்சைக்கு. ஜவுளிக்கடை பில்லையும், வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பும் செய்தியையும், ஆஸ்பத்திரி சீட்டையும் படிக்க விலக்கு இல்லை.

ஹெச்.எம்.மிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: சைகை டீச்சர் கேட்டு எழுத வேண்டாம், உங்கள் பள்ளியிலேயே மற்ற ஐந்து பேரையும் சேர்க்கிறோம், இரண்டு வகுப்பறை தரைத்தளத்தில் வேண்டும், ரோட்டுப் பக்கம் கூடாது என்று எழுதுங்கள். அவர் "அஞ்சு பேரையுமா?" என்றார். கொஞ்ச நேரம் போனில் சத்தமில்லை. பிறகு சமையலறைக்கு அடுத்த அறையில் உடைந்த பெஞ்சு கிடக்கிறது, அதை எடுத்தால் ஆகும் என்றார்.

மே முழுக்க வீடு வீடாகப் போனேன். நான்கு வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் காக்ளியர் வயர் வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். ஒரு பாட்டி, பேத்தியை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று கதவைச் சாத்தவில்லை, ஆனால் உட்காரவும் சொல்லவில்லை. ஏழாவது பிள்ளையின் அப்பா விடுதிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். தையல்கார அண்ணன் செவ்வாயும் வெள்ளியும் மதியம் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கடைக்கு அது ஓட்டமில்லாத நேரம். அவருக்கு என்ன கணக்கில் பணம் கொடுப்பது என்று மேலாண்மைக் குழு இன்னும் முடிவு செய்யவில்லை.